பூகோளத்தின் காது

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். நம் திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் கம்பு விதைத்த குடும்பம். விருத்தாசலத்துக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் இரண்டு வேட்டி. பீங்கான் கொட்டகைகளில் களிமண் சுமந்தேன், மிதித்தேன், அச்சில் அடித்தேன். பிறகு சொந்தச் சூளை கட்டினேன். செங்கல் அடுக்கினதும் நான், புகைபோக்கிக்குச் சாரம் கட்டினதும் நான். சூளைக் கூரையின் இந்த வளைவு நிற்காது என்று கையைத் துடைத்துக்கொண்டு போன கொத்தனார் செத்தே போய்விட்டார், வளைவு நிற்கிறது. திட்டக்குடியிலிருந்து வேப்பூர் வரைக்கும் அந்தக் காலத்தில் எந்தக் கிணற்று மோட்டார் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே வெள்ளையாக இருந்த ஃபியூஸ் கட்டை என் சூளையில் வெந்தது. மாமன் மச்சான் தயவு கிடையாது. எல்லாம் ஒண்டியாகச் செய்தது.

இதையெல்லாம் எழுதித் தரச் சொல்லித்தான் சூளைக்காரர்கள் சங்கத்திலிருந்து வந்தார்கள். சிறப்பு மலர் போடுகிறார்களாம். என் படத்துக்குக் கீழே போடப்போகிற வரியை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினார்கள். ‘சூளையை மூன்று நாள் ஆறவைக்கும் முறையை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர்’ என்று இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போனபிறகு பேனாவை எடுத்தால், என்னைப் பற்றி ஒரு வரி வரவில்லை. ஞாபகத்தில் அந்த அம்மாதான் வந்தார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் என் கொட்டகையில் வேலை பார்த்தவர். கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ‘பூகோளம்’ என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். முகத்துக்கு நேரே ‘அக்கா’.

வேலை என்னவென்றால், தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து இறக்கிய ஃபியூஸ் கட்டைகளை எதிரே குவித்துக்கொண்டு, கையில் ஒரு சாண் புளியங்குச்சியோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றையும் எடுத்து, இடக்காதுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரே ஒரு தட்டு. நல்லது என்றால் வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். பீங்கானுக்குள் விரிசல் இருந்தால் வெளியே மினுமினுப்புப் பூச்சு மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தில் தெரியும். நல்ல கட்டை மணி மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும். விரிசல் விட்டது டொக்கென்று அங்கேயே முடிந்துபோகும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘செத்த சத்தம்’. மற்ற பெண்களும் தட்டினார்கள்தான். பெரிய விரிசல் எல்லோருக்கும் கேட்கும். மயிரிழை விரிசல் கேட்பதற்கு ஊரிலேயே அந்த ஒரு காதுதான். தோடு இல்லாத காது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சி செருகியிருப்பார்.

கட்டையைக் காதில் வைத்துவிட்டால் உலகம் கிடையாது அவருக்கு. ஒருமுறை இடக்கைப் பக்கம் குவித்திருந்த கழிவை ஒரு எருமை மிதித்துக்கொண்டு போனது, கொட்டகையே கத்துகிறது, அவர் திரும்பவில்லை. கையிலிருந்த கட்டையைத் தட்டி முடித்து, வலப்பக்கம் வைத்துவிட்டு, “என்னா சத்தம்?” என்று கேட்டார். ரயில் ஊதினாலும் அப்படித்தான். வெளிச்சத்தங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சி கையில் இல்லாதபோதும் தட்டுவார். குடம், கதவு, பஸ்ஸின் பக்கத் தகரம், பிள்ளைகள் தலை. என் சூளைச் சுவரைத் தட்டிக்கொண்டே ஒருநாள் சுற்றி வந்து, “மூணாவது வரிசையில ஒரு கல்லு ஒக்காரல, தம்பி” என்றார். நான் கட்டின சுவர். சிரித்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் உளியை வைத்து நெம்பிப் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் சாந்தே இல்லை, வெறும் பொந்து. அடைத்துவிட்டு, மறுநாள் எல்லோரிடமும் நானே கண்டுபிடித்த மாதிரிச் சொன்னேன்.

எங்கள் சூளையில் நெருப்புப் போடுகிறவருடைய மகள் கல்யாணத்தில், சீராக வந்த பித்தளைக் குடத்தை இவர் பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். தட்டியதும் முகம் மாறிவிட்டது. வாயைத் திறக்கவில்லை, ஆனால் அந்த முகத்தைச் சம்பந்தி பார்த்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர் பதறி ஓடிவந்து, “யக்கா, ஒன் கால்ல வுழறேன், கையக் கட்டிக்கிட்டு ஒக்காரு” என்றார். முகூர்த்தம் முடிகிறவரை இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லத் தெரியாது என்பது பெரிய வார்த்தை. அவருக்குக் கேட்டதைக் கேட்காத மாதிரி வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான்.

பூகோளம் என்ற பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்களிடம் வருவதற்கு முன்னால், சேர்வராயன் மலையில் கல் ஆராய்ச்சி செய்ய வந்த சர்க்கார் ஆட்களுக்குச் சமையல் செய்தவர் அவர். புருஷன் அங்கே சுத்தியல் தூக்கினவர்; அவர் செத்துப்போன பிறகும் இவர் கூடாரத்திலேயே இருந்து சமைத்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அந்த அதிகாரிகள் பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு மண்டைக்குள் வைத்திருந்தார். மத்தியானம் நாங்கள் தூக்குச்சட்டியைத் திறந்தால் இவர் பூமியைத் திறப்பார்.

ஒரு ஃபியூஸ் கட்டையை உடைத்துக் காட்டினார் ஒருநாள். மேலே பூச்சு ஒரு நூல் கனம், உள்ளே முழுக்கக் கெட்டி.

“இந்தப் பூச்சு கனந்தான் நாம நிக்குற தரை. இதும் மேலதான் ஆறு, மலை, கடலு, இந்த விருத்தாசலம் எல்லாம். இதுக்குக் கீழ கெட்டிப் பாறை, ஆயிரத்துச் சொச்சம் மைலு. அதுக்குள்ள இரும்புக் கொழம்பு. அதுக்கும் உள்ள, நட்ட நடுவுல, இரும்பு உருண்டை. அது கொழம்பு இல்ல, கெட்டி.”

நெருப்புப் போடுகிறவர் விடவில்லை. அந்தப் பாறையில் எவ்வளவு சூடு என்று கேட்டார். நம் சூளையைவிடச் சூடு என்றார் இவர். அப்படியானால் ஏன் உருகவில்லை, நான் நிலக்கரி போட்டு எத்தனை கல்லை இளக வைத்திருக்கிறேன், எனக்கே கதையா என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

அதற்கு இந்த அம்மா சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. மலைமேல் சமைக்கப் போன புதிதில் பருப்பு வேகவே இல்லையாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு கல்லாக இருக்கிறது. அதிகாரி சிரித்துக்கொண்டு விளக்கினாராம். மலைமேல் காற்றின் பாரம் குறைச்சல், அதனால் தண்ணீர் சூடு போதாமலே கொதித்துவிடுகிறது. கீழே பாரம் அதிகம், சூடு ஏறின பிறகுதான் கொதிக்கும்.

“கல்லும் அப்பிடித்தான். மேல அம்மாம் பாரம் ஏறி ஒக்காந்திருக்குது. அந்தப் பாரத்துல எவ்ளோ சூடு இருந்தாலும் உருக முடியாது, பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெட்டியா இருக்கும். எங்கனாச்சும் மேல வந்து பாரம் எறங்கிச்சின்னா, புதுசா நெருப்பே வேணாம், இருக்குற சூட்டுலயே உருகிடும்.”

இன்னொரு வழியும் சொன்னார். வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல் தனியாக நம் சூளையில் உருகாது, பெல்ஸ்பார் கல்லை அரைத்துக் கூடச் சேர்த்தால் இளகிக்கொடுக்கிறது அல்லவா. பூமிக்கு அடியில் அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறதாம். கடலடியிலிருந்து தண்ணீர் பாறையோடு சேர்ந்து உள்ளே இறங்கினால், குறைந்த சூட்டிலேயே பாறை இளகும். தண்ணீர் ஊற்றினால் கல் உருகுமா என்று அன்று முழுக்கக் கிண்டல். பூகோளம் என்ற பெயர் அன்றைக்கு விழுந்ததுதான்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவு ஆழம் எவன் தோண்டிப் பார்த்தான்? யாரும் தோண்டவில்லை என்றார். எங்கேயாவது நிலநடுக்கம் வந்தால் பூமியை யாரோ தட்டின மாதிரி. அந்த அதிர்வு உள்ளே போய் வேறொரு பக்கம் வெளியே வருகிறது. ஒரு வகை அதிர்வு கெட்டியில் மட்டும்தான் போகும், குழம்பில் போகாது. எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று கருவி வைத்துக் கேட்கிறார்கள். அதை வைத்துத்தான் உள்ளே இருப்பதைச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுத் தன் புளியங்குச்சியைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெரிய படிப்புப் படித்தவர்களும் தானும் ஒரே வேலைதான் செய்கிறோம் என்று அவருக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சூளை ஓரளவு நிமிர்ந்த பிறகு, வெளியாள் முன்னால் என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். “செரிங்க, மொதலாளி” என்றார். தனியாக இருக்கும்போதாவது பழையபடி கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

இனி அந்த ஆடி மாசத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் தொடக்கம். ஊர் ஊராகக் கிணற்றுக்குக் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டணத்திலிருந்து ஒரு பெரிய வியாபாரி, அதுவரை நான் பார்த்திராத அளவுக்கு ஒரே லோடு கேட்டிருந்தார். அது நல்லபடியாகப் போனால் இரண்டாவது சூளைக்கு வழி. நெருப்பை நிறுத்தி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. லாரி வந்து வாசலில் நின்றுவிட்டது. டிரைவர் அவசரப்படுத்தினான்.

எல்லாச் சூளையிலும் இரண்டு நாள் ஆறவிடுவது வழக்கம். இந்த அம்மா எப்போதும் மூன்று நாள் கேட்பார், காற்றுக் காலத்தில் கட்டாயம் மூன்று என்பார். மேல்தோல் ஆறிச் சுருங்கும், உள்ளே இன்னும் சூட்டில் விரிந்திருக்கும், இரண்டும் ஒத்துப்போகாமல் எங்கேயாவது விட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். நான் சூளை வாயை அடைத்திருந்த வாசற்கல்லைப் பிரிக்கச் சொன்னேன். ஆட்கள் தயங்கினார்கள். நானே பிரித்தேன். ஆடிக்காற்று உள்ளே பாய்ந்தது. சூளைக்குள் டிக் டிக்கென்று மெல்லிசாகச் சத்தம் கேட்டது, சுவர்க்கோழிப் பூச்சி மாதிரி. எனக்கே கேட்டது.

சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு இறக்கினோம். பார்வைக்குப் பால் மாதிரி இருந்தது ஒவ்வொரு கட்டையும். அவர் குச்சியோடு உட்கார்ந்தார். ஏழு கட்டை தட்டினார். ஏழும் இடப்பக்கம் போனது. எட்டாவதை எடுக்கவில்லை. எழுந்து என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“ஏழும் செத்த சத்தம், மொதலாளி. அனுப்பாதீங்க.”

நான் அந்த ஏழையும் எடுத்து வலப்பக்கம் போட்டேன். மிச்சத்தைத் தட்டாமலே வைக்கோல் வைத்துக் கட்டச் சொன்னேன். லாரி போய்விட்டது.

பதினைந்து நாளில் வியாபாரியே காரில் வந்து இறங்கினார். திருகாணியை முடுக்கினால் கட்டை இரண்டாகப் பிளக்கிறது, பாதிக்கு மேல் அப்படி என்று ஒரு கூடை உடைசலை என் வாசலில் கொட்டினார். பக்கத்துச் சூளைக்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தட்டிப் பார்க்காமலா அனுப்பினாய் என்று கேட்டார். அவ்வளவு பேர் முன்னால். நான் மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவன், கொத்தனார் விட்டுப்போன வளைவை முடித்தவன். என் வாயிலிருந்து வந்தது இது.

“தட்டாம அனுப்புவனாங்க? தட்டுற அம்மாவுக்குக் காது போயிடுச்சி. எனக்கே இப்பதான் தெரியுது.”

அந்த அம்மா அங்கேதான் நின்றார். கையில் குச்சி. என்னைப் பார்த்தார். நான் அடுத்த வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. அப்போது அவர் குனிந்து, உடைசலுக்குள் உடையாமல் கிடந்த இரண்டு கட்டைகளை எடுத்தார். காதில் வைத்துத் தட்டினார். வியாபாரியிடம் நீட்டி, “இது நல்ல கட்டைங்க, அது செத்தது. கேட்டுப் பாருங்க” என்று இரண்டையும் தட்டிக் காட்டினார். வியாபாரிக்கு இரண்டும் ஒரே சத்தம். சுற்றி நின்ற பத்துப் பேருக்கும் ஒரே சத்தம். மயிரிழை விரிசல், எங்களில் ஒருவருக்கும் அந்தக் காது இல்லை. அவருக்குச் சாட்சி சொல்ல அவர் காதைத் தவிர வேறு காது அந்த ஊரில் கிடையாது.

அவர் மூன்றாவது கட்டையைக் காதில் வைத்தார். வியாபாரி எல்லோருக்கும் கண்ணைக் காட்டிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, “யம்மா” என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்க, “யம்மா, ஒன் வூடு எரியுது” என்றார். திரும்பவில்லை. அவர் அந்தக் கட்டைக்குள்ளே இருந்தார். கூட்டம் சிரித்தது. நெருப்புப் போடுகிறவர் என்னைப் பார்த்தார். எருமை போன கதை அவருக்கும் தெரியும். ஆனால் அவர் என்னிடம் கூலி வாங்குகிறவர், பேசமாட்டார். பேச வேண்டியவன் நான். ‘கட்டை காதில் இருக்கும்போது அவருக்கு எதுவும் கேட்காது, கீழே வைக்கச் சொல்லிக் கூப்பிடுங்கள்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் சொல்லவில்லை. கூட்டத்தோடு கொஞ்சம் சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

தட்டி முடித்து நிமிர்ந்து, “என்னா சிரிப்பு?” என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

குச்சியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மற்றச் சூளைகளில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். போன இடமெல்லாம், கட்டையைக் கையில் கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ‘செவிட்டுப் பூகோளம்’ என்று பெயர் நீண்டுவிட்டது. கொஞ்ச நாளில் ஊரில் காணோம். எனக்கு வியாபாரி மறுபடி ஆர்டர் கொடுத்தார். இரண்டாவது சூளை எழும்பியது. அதிலிருந்து நான் மூன்று நாள் ஆறவிட்டேன். என் சரக்கு உடையாது என்று பெயர் வந்தது. மற்றவர்களும் வந்து கேட்டு மூன்று நாள் ஆக்கிக்கொண்டார்கள். யோசனை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து, திருச்சியிலிருந்து லாரியில் திரும்பும்போது வேப்பூரில் ஒரு கடையில் டீ குடிக்க இறங்கினேன். கண்ணாடி டம்ளர்களைக் கழுவி அடுக்குகிற அம்மா ஒவ்வொன்றையும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டி வைத்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை. காதில் வேப்பங்குச்சி. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன், அதற்குள் டீ வந்துவிட்டது. டம்ளரை மேசையில் வைத்த சத்தத்துக்கு அவர் நிமிர்ந்தார். எட்டு அடி தூரம், ரோட்டில் லாரி ஓடுகிறது. எழுந்து வந்தார். என் முன்னாலிருந்த டம்ளரை எடுத்தார்.

“இதுல விரிசல் இருக்குதுங்க. சூடு தாங்காது. வேற எடுத்தாறேன்.”

வேறு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். என்னைத் தெரியாத மாதிரிதான் இருந்தது. போகத் திரும்பியவர் நின்று கேட்டார்.

“சூளைய இப்ப எத்தினி நாளு ஆற வுடுறீங்க?”

மூன்று நாள் என்றேன்.

“நல்லதுங்க” என்றார். வழியில் போகிற யாருக்கோ சொல்கிற மாதிரி. போய் டம்ளர்களோடு உட்கார்ந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. டீயைக் குடித்தேன், லாரி ஏறினேன்.

அடுத்த முறை போனபோது கடையில் வேறு ஆள் இருந்தது. விசாரித்திருக்கலாம். இரண்டு சூளை, முப்பது ஆள், ஊரில் ஒரு பெயர், இவ்வளவும் தலைமேல் உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கெட்டியாக இருந்தேன். இப்போது சூளையை மகன்கள் பார்க்கிறார்கள். என்மேல் ஒரு பாரமும் இல்லை. அந்த அம்மா சொன்னது சரிதான், உருகுவதற்குப் புதிதாக நெருப்பே வேண்டியிருக்கவில்லை.

சங்கத்துக்காரர்களே, மலரில் என் படத்தைப் போடுங்கள். வளைவு நான் கட்டினது, அதை எழுதுங்கள், விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்று நாள் வரியை மட்டும் என் படத்துக்குக் கீழேயிருந்து எடுத்துவிடுங்கள். அது சேர்வராயன் மலையில் பருப்பு வேகாமல் தவித்த ஒரு சமையற்காரம்மா சொன்னது, பெயர் விசாரித்துப் போடுங்கள், தெரியாவிட்டால் பூகோளம் என்று போடுங்கள். என் படத்துக்குக் கீழே அந்த இடம் காலியாக இருக்க வேண்டாம். அவருக்குக் காது போய்விட்டது என்று இந்த ஊரில் சொன்னார்களே, அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று அங்கே எழுதி, அதன் அடியில் என் பெயரை இனிஷியலோடு, சூளைப் பெயரோடு, பெரிய எழுத்தில் போடுங்கள். சுவரில் விட்ட பொந்தை அவர் கண்டுபிடித்தார், சூளைக்கு ஆட்கள் கரி போட்டார்கள், எல்லாவற்றிலும் யாருக்காவது ஒரு பங்கு இருக்கிறது. இதில் யாருக்கும் பங்கில்லை. இதுதான் நான் ஒண்டியாகச் செய்தது.